பூசை யாருக்கு?

(வானொலி மறையுரை: பொதுக்காலம் 22ஆம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு)

 

இந்த நாள்களில் நம் காரைக்கால் சாலை எப்படி இருக்கிறது என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகஸ்ட் 29இல் வேளாங்கண்ணியில் கொடி ஏறிவிட்டது. மாதாவின் பிறப்பு விழாவான செப்டம்பர் 8 வரை காவி உடுத்திய திருப்பயணிகள் நம் ஊர் வழியாக நடந்துகொண்டே இருப்பார்கள். சென்னையிலிருந்து வருகிறார்கள், புதுச்சேரியிலிருந்து வருகிறார்கள், கடலூரிலிருந்து வருகிறார்கள். முன்னால் ஒரு சிறிய வண்டியில் மாதா சுரூபம், அதில் கட்டிய ஒலிபெருக்கி, பின்னால் செருப்பில்லாத கால்கள். வழியில் யாராவது மோர் கொடுத்தால் குடிக்கிறார்கள். இடம் கிடைத்த திண்ணையில் தலை சாய்க்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் கடைக்காரரும் இருக்கிறார், கூலி வேலை செய்கிறவரும் இருக்கிறார், கல்லூரிப் பிள்ளையும் இருக்கிறார். யார் முன்னே நடப்பது, யார் பின்னே நடப்பது என்று அவர்கள் சண்டை போட்டுக்கொண்டதை நான் பார்த்ததில்லை. கொப்புளம் எல்லோருடைய காலிலும் ஒரே மாதிரிதான் வருகிறது. எல்லோருடைய மனமும் போய்ச் சேர வேண்டிய இடத்தில் இருக்கிறது.

அதே மனிதர் ஊர் திரும்புகிறார். சொந்தப் பங்கில் திருவிழா வருகிறது. அழைப்பிதழ் அச்சாகிறது. அதில் தன் பெயர் எத்தனையாவது வரியில் இருக்கிறது என்று பார்க்கிறார். கொடிக்கயிற்றை முதலில் பிடிப்பது யார், தேர் எந்தத் தெருவில் முதலில் நிற்பது, நன்கொடையாளர் பட்டியலை ஒலிபெருக்கியில் எந்த வரிசையில் படிப்பது என்ற பேச்சு தொடங்குகிறது. இருநூறு கிலோமீட்டர் நடந்தபோது வராத கோபம், கோயில் வாசலில் இருபது அடி தூரத்தில் வந்துவிடுகிறது. ஏன் இப்படி ஆகிறது? இன்றைய நற்செய்தியின் துணையோடு இதைத்தான் உங்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறேன்.

லூக்கா நற்செய்தி 14ஆம் அதிகாரம். ஓர் ஓய்வுநாள். பரிசேயர் தலைவர் ஒருவருடைய வீட்டில் விருந்து. அங்கிருந்தவர்கள் இயேசுவை உற்று நோக்கிக்கொண்டிருந்தார்கள் என்று முதல் வசனம் சொல்கிறது. இவர் என்ன தவறு செய்வார் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழாம் வசனத்துக்கு வரும்போது பார்வை திரும்புகிறது. இப்போது இயேசு அவர்களைப் பார்க்கிறார். அவர்கள் பந்தியில் எப்படி முதல் இடங்களைத் தேடித் தேடி உட்காருகிறார்கள் என்று பார்க்கிறார்.

நம் தமிழில் ஒரு பழமொழி உண்டு. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து. உலகம் தெரிந்த மனிதனின் அறிவுரை அது. ஆண்டவர் இயேசு அதைத் திருப்பிப் போடுகிறார். பந்திக்குப் பிந்து என்கிறார். கடைசி இடத்தில் போய் உட்கார், அழைத்தவர் வந்து உன்னை மேலே கூப்பிடுவார் என்கிறார். இதை நாம் சபை நாகரிகம் பற்றிய பாடம் என்று எடுத்துக்கொண்டால் பாதிதான் புரிந்துகொண்டோம். கடைசி இடத்தில் உட்கார்ந்தால் முதல் இடம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுக் கடைசியில் உட்காருகிறவரையும் நான் பார்த்திருக்கிறேன்! ஆண்டவர் சொல்வது அந்தத் தந்திரத்தை அன்று. விருந்தில் இடம் கொடுப்பது யார் என்பதுதான் கேள்வி. அழைத்தவரா, வந்தவரா? அழைக்கப்பட்டு வந்தவன் தன் இடத்தைத் தானே எடுத்துக்கொண்டால், அந்த வீட்டில் அவனே தலைவன் ஆகிவிடுகிறான். அழைத்தவரை அவன் மறந்துவிட்டான்.

அன்பானவர்களே, திருப்பலியை நாம் திருவிருந்து என்று அழைக்கிறோம். அழைத்தவர் ஒருவர்தான். வந்த நாம் அனைவரும் விருந்தாளிகள். பங்குத்தந்தையும் விருந்தாளிதான், பரிமாறும் பணி ஒப்படைக்கப்பட்ட விருந்தாளி. கோயில் கட்டப் பத்து லட்சம் கொடுத்தவரும் விருந்தாளி, உண்டியலில் பத்து ரூபாய் போட்டவரும் விருந்தாளி. இந்த உண்மை மறந்துபோகும்போது, வழிபாடு நடந்துகொண்டே இருக்கும், பாடல் ஒலிக்கும், தூபம் எழும், மணி அடிக்கும். ஆனால் அங்கே வணங்கப்படுகிறவர் மெதுவாக மாறிப்போவார்.

இது இன்று நேற்று வந்த நோய் அன்று. நம் காரைக்காலோடு தொடர்புள்ள ஒரு பழைய நிகழ்ச்சியைச் சொல்கிறேன்.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கைக்கு வந்தது 1739ஆம் ஆண்டில். அதற்கு ஆறு ஆண்டுகள் கழித்து, 1745 அக்டோபர் மாதம், புதுச்சேரியில் நடந்தது இது. அங்கே இயேசு சபைக் குருக்களின் கோயில் ஒன்று இருந்தது. புனித பவுல் பெயரால் அமைந்த கோயில். பிரெஞ்சில் சேன் போல் என்றார்கள், நம் மக்கள் வாயில் அது சம்பா கோயில் ஆயிற்று. இன்றைக்கும் புதுச்சேரிப் பேராலயத்தை அந்தப் பெயரால் அழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கோயிலுக்குள், வடக்குப் பக்கத்தில், ஒரு சுவர் இருந்தது. சுவருக்கு ஒரு பக்கம் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட கிறிஸ்தவர்கள். மறு பக்கம் மற்றச் சாதிக் கிறிஸ்தவர்களும் ஐரோப்பியரும். ஒரே கூரை, ஒரே பூசை, நடுவே சுவர்.

இந்தச் செய்தியை நமக்கு எழுதி வைத்தவர் ஒரு கிறிஸ்தவர் அல்லர். ஆனந்தரங்கப் பிள்ளை, தம் நாட்குறிப்பில் எழுதுகிறார். காரைக்காலில் இருந்து வந்த குரு ஒருவர் அந்தச் சுவரைப் பார்த்தார். இதற்கு ஏன் அடங்கிப் போகிறீர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்களிடம் கேட்டார். அவர்கள் ஒன்றாகச் சேர்ந்து பெரிய சாமியாரிடம் போனார்கள். நாங்களும் உங்கள் சீடர்கள் என்றால் எங்களையும் மற்றவர்களைப் போல நடத்த வேண்டாமா, நாம் வணங்கும் ஆண்டவர் எங்களை ஒதுக்கவில்லையே, ஒதுக்குகிறவர்கள் மனிதர்கள்தானே என்ற பொருளில் முறையிட்டார்கள். பெரிய சாமியார் அதைக் கேட்டு மனம் உருகினார். சுவரை இடிக்கச் சொன்னார். அன்று எல்லோரும் கலந்து நின்று வழிபட்டார்கள்.

இந்த நிகழ்ச்சியை நான் முதலில் படித்தபோது என்னைத் தொட்டது சுவர் இடிந்தது மட்டும் அன்று. அந்த மக்கள் முன்வைத்த வாதம் என்னைத் தொட்டது. அவர்கள் எங்கள் உரிமை என்று மட்டும் பேசவில்லை. நாம் யாரை வணங்குகிறோம் என்று கேட்டார்கள். ஆண்டவர் ஒதுக்கவில்லை என்றால், கோயிலுக்குள் ஒதுக்குவது யாருடைய ஆணை? இறையியல் படித்த குருக்கள் பல ஆண்டுகள் அந்தச் சுவரைக் கடந்து பீடத்துக்குப் போய் வந்திருக்கிறார்கள். அவர்களுக்குத் தோன்றாத கேள்வி, சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற எளிய மக்களுக்குத் தோன்றியது. அவர்கள்தான் அன்று வழிபாட்டைக் கடவுளிடம் திருப்பினார்கள்.

சுவர் இடிந்தால் பிரிவினையும் இடிந்துவிடும் என்று எண்ணிவிட வேண்டாம். ஏறக்குறைய நூற்று முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, 1872இல், திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்தில் ஒரு பெரிய கோயில் எழுந்தது. இரண்டு நீளமான கூடங்கள், கால்சட்டையின் இரண்டு கால்கள் போல, ஒரே பீடத்தில் வந்து சேரும்படி கட்டினார்கள். ஒரு கூடத்தில் ஒரு சாதியார், மறு கூடத்தில் மற்றவர்கள். எல்லோருக்கும் பீடம் தெரியும். ஒருவருக்கு ஒருவர் தெரிய மாட்டார்கள். 1910இல் அங்கிருந்த குரு அந்தத் தடுப்பை அகற்றினார். தங்களுக்குரிய தனி இடம் வேண்டும் என்று சிலர் நீதிமன்றம் போனார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போயிற்று. கோயிலில் சாதிப்படி தனி இடம் கேட்கும் உரிமை அங்கே நிலைநிற்கவில்லை. நம் பாவத்தை நமக்கு உணர்த்த ஓர் அரசாங்க நீதிமன்றம் தேவைப்பட்டது என்பது நாம் வெட்கப்பட வேண்டிய செய்தி.

பழைய கதை என்று இதையும் தள்ளிவிட முடியுமா? நம் புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தில், எறையூரில், 2008 மார்ச் மாதம் நடந்ததை நாம் மறந்துவிடவில்லை. ஒரே கோயிலில் தங்களுக்குச் சமமான இடம் இல்லை என்ற வேதனையில் தலித் கிறிஸ்தவ மக்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அதை ஒட்டி மோதல் எழுந்தது. காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர்கள் போயின. மோதிக்கொண்ட இரு தரப்பினரும் ஒரே திருமுழுக்குப் பெற்றவர்கள். ஒரே செபமாலையைக் கையில் பிடித்தவர்கள். இதைச் சொல்லும்போது எந்த ஊரையும் குற்றம் சாட்ட எனக்கு மனமில்லை. நம் ஒவ்வொரு பங்கிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு எங்காவது ஓடிக்கொண்டிருக்கிறது. கல்லறையில் ஓடலாம், தேர் போகும் தெருக்களில் ஓடலாம், பாடகர் குழுவில் யார் ஒலிவாங்கியைப் பிடிப்பது என்பதில் ஓடலாம்.

சிலர் என்னிடம் சொல்வது உண்டு. சாமி, கோயிலில் கடவுளைப் பற்றி மட்டும் பேசுங்கள், இந்தச் சமுதாயப் பிரச்சினை எல்லாம் எதற்கு, நாங்கள் செபிக்க வருகிறோம். இது நல்ல மனத்தோடு சொல்லப்படும் பேச்சு. கோயில் இறைவனை வணங்குவதற்கான இடம் என்பதில் எனக்கும் இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் திருமறை நூலைத் திறந்து பார்ப்போம். கொரிந்து நகரத்துக் கிறிஸ்தவர்கள் ஆண்டவருடைய இராவிருந்துக்குக் கூடினார்கள். வசதியுள்ளவர்கள் முன்னதாக வந்து வயிறு நிறையச் சாப்பிட்டார்கள். ஏழைகள் வந்தபோது ஒன்றும் மிச்சமில்லை. புனித பவுல் அவர்களுக்கு எழுதும்போது, நீங்கள் உண்பது ஆண்டவருடைய விருந்தே அன்று என்று கடிந்துகொள்கிறார். விருந்து சிறிது குறையுள்ளது என்று சொல்லவில்லை. அது ஆண்டவருடைய விருந்தாகவே இல்லை என்கிறார். யாக்கோபு தம் திருமுகத்தில் பொன் மோதிரம் அணிந்து வருகிறவருக்கு நல்ல இருக்கையும், அழுக்குத் துணியோடு வரும் ஏழைக்குக் கால்மாட்டில் இடமும் காட்டும் சபையைக் கேள்வி கேட்கிறார். ஆண்டவர் இயேசுவோ, காணிக்கை செலுத்த வந்த இடத்தில் சகோதரனுடைய மனத்தாங்கல் நினைவுக்கு வந்தால், காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகச் சொல்கிறார்.

ஆகவே இறைவனை நோக்கிய வழிபாடு வேறு, அண்டை வீட்டாரை நோக்கிய அன்பு வேறு என்று இரண்டு கூடமாக நாம் கட்டிக்கொள்ள முடியாது. அது மறுபடியும் வடக்கன்குளத்துக் கோயில்தான். பீடம் தெரியும், அடுத்தவர் தெரிய மாட்டார்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதையும் சொல்லாவிட்டால் நான் பாதி உண்மை சொன்னவன் ஆவேன். நம் பங்குகளில் எத்தனை சபைகள், எத்தனை கூட்டங்கள்! மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, இளையோர் இயக்கம், அன்பியங்கள், பங்குப்பேரவை, அதன் துணைக்குழுக்கள். எல்லாம் நல்லவை. ஆனால் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது பார்த்தால், பந்தல்காரரோடு பேசுகிறோம், மின்விளக்குக்காரரோடு பேசுகிறோம், டிஜிட்டல் பேனர் அச்சகத்தோடு பேசுகிறோம், அன்னதானத்துக்கு அரிசி எத்தனை மூட்டை என்று பேசுகிறோம். ஆண்டவரோடு பேச நேரம் இல்லை. திருப்பலி நடக்கும்போது திருவிழாக் குழுவினர் பாதிப் பேர் வெளியே பந்தலில் நாற்காலி எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். நற்கருணை எழுந்தேற்றத்தின்போது நூறு கைபேசிகள் மேலே எழுகின்றன. படம் எடுத்தவரிடம் போய் என்ன கண்டீர்கள் என்று கேட்டால், திரையில் கண்டதைத்தான் சொல்வார்.

1963 டிசம்பர் 4ஆம் நாள், இரண்டாம் வத்திக்கான் சங்கம் தன் முதல் ஏடாகத் திருவழிபாடு பற்றிய ஏட்டை வெளியிட்டது. திருச்சபையின் எல்லாச் செயல்களும் எதை நோக்கிப் போகின்றனவோ அந்தச் சிகரம் திருவழிபாடு, அதன் ஆற்றல் எல்லாம் பாய்ந்து வரும் ஊற்றும் அதுவே என்று அந்த ஏட்டின் 10ஆம் எண் கற்பிக்கிறது. நம் டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறக்காவிட்டால் கடைமடையில் நாம் எத்தனை வாய்க்கால் தூர் வாரினாலும் பயன் இல்லை. வாய்க்கால் வேண்டும், தூர் வார வேண்டும். ஆனால் தண்ணீர் வாய்க்காலில் பிறப்பதில்லை.

அதே ஏட்டின் 32ஆம் எண்ணைப் பலர் படித்திருக்க மாட்டீர்கள். திருவழிபாட்டில் அவரவர் ஆற்றும் பணியாலும் திருப்பட்டத்தாலும் வரும் வேறுபாடு உண்டு. அரசு அதிகாரிகளுக்குத் திருவழிபாட்டுச் சட்டம் அனுமதிக்கும் மரியாதை உண்டு. இவை தவிர, தனிப்பட்ட எவருக்கும், எந்த வகுப்பாருக்கும், சடங்கிலோ வெளி ஆடம்பரத்திலோ சிறப்பு மரியாதை செய்யக் கூடாது என்று அந்த எண் தெளிவாகச் சொல்கிறது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. நாம் இன்னும் பூசைக்கு நடுவில் பொன்னாடையை மடித்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறோம்.

நாம் என்று சொன்னேன். என்னையும் சேர்த்துத்தான் சொன்னேன். ஒரு நிகழ்ச்சியை உங்களிடம் அறிக்கையிட வேண்டும்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேறோர் ஊரில் பங்குத்தந்தையாக இருந்தேன். அங்கே திருவிழா நாள். திருப்பலி சிறப்பாக நடந்தது. நற்கருணைக்குப் பிறகு, இறுதி ஆசிக்கு முன்பாக, நன்றி அறிவிப்புத் தொடங்கியது. கொடி உபயம், தேர் உபயம், பூ அலங்காரம், ஒலி ஒளி, வாணவேடிக்கை. ஒவ்வொருவர் பெயரையும் நானே ஒலிவாங்கியில் படித்தேன். ஒருவர் பெயரையும் விட்டுவிடக் கூடாதே என்று முந்தின இரவு கண் விழித்து எழுதிய பட்டியல் அது. ஒவ்வொருவரும் மேலே வந்தார்கள். பொன்னாடை போட்டேன். எனக்கும் போட்டார்கள். மக்கள் கை தட்டினார்கள். பொய் சொல்ல மாட்டேன், எனக்கு அது இனிமையாகவே இருந்தது.

எல்லாம் முடிந்து நான் திருவுடை மாற்றும் அறையில் இருந்தபோது, வாசலில் ஒரு பாட்டி நின்றுகொண்டிருந்தார். நடவு வேலைக்குப் போகிறவர். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

“சாமி, இன்னைக்குப் பூசை யாருக்கு?”

நான் அவசரத்தில் சொன்னேன். “திருவிழாப் பூசை பாட்டி. எல்லாருக்கும்தான்.”

“இல்ல சாமி. எம்மவன் செத்து இன்னையோட ஒரு வருசம். அவன் பேருக்குப் பூசை கேட்டு உங்க கையில காசு குடுத்திருந்தேன். எல்லார் பேரும் வந்துச்சு. அவன் பேரு வரலியே, அதான் கேட்டேன்.”

என் அங்கியின் பையில் கைவிட்டுப் பார்த்தேன். மடித்த காகிதத்துக்குள் நூறு ரூபாய் இருந்தது. மேலே அந்தப் பையனின் பெயர் எழுதியிருந்தது. மூன்று நாள்களுக்கு முன் அவர் கொடுத்தது. நான் மறந்துபோயிருந்தேன். உயிரோடு இருக்கிற நாற்பது பேருடைய பெயரை மறக்காமல் இருக்க இரவெல்லாம் விழித்திருந்த நான், இறந்துபோன ஒரு மகனின் பெயரை மறந்துவிட்டேன். அந்த அம்மா என்மேல் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். பரவாயில்லை சாமி, நாளைக்கு வைங்க என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை ஐந்தரை மணிப் பூசை. அந்தப் பாட்டியும் இன்னும் ஏழெட்டுப் பேரும். பீடத்தில் முந்தின நாள் பூக்கள் வாடியிருந்தன. நான் அந்தப் பையனின் பெயரைச் சொல்லிப் பலி ஒப்புக்கொடுத்தேன். பாட்டி பின்னால் தூண் அருகே முழங்காலில் இருந்தார். யாரும் கை தட்டவில்லை. என் குருத்துவ வாழ்வில் நான் நிறைவேற்றிய திருப்பலிகளில் எதை ஆண்டவர் ஏற்றுக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தத் திருப்பலியில் நான் யார் முன் நிற்கிறேன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

பூசை யாருக்கு? அந்தப் பாட்டி வழக்கமான பொருளில் கேட்ட கேள்வி அது. யாருடைய கருத்துக்காக ஒப்புக்கொடுக்கிறீர்கள் என்று கேட்டார். எனக்கு அது வேறு பொருளிலும் கேட்டது. இன்று வரை கேட்டுக்கொண்டிருக்கிறது.

இன்றைய இரண்டாம் வாசகத்தில் எபிரேயர் திருமுகம் நாம் எங்கே வந்து சேர்ந்திருக்கிறோம் என்று சொல்கிறது. தீப்பற்றி எரிந்த, இருளும் சுழல்காற்றும் சூழ்ந்த சீனாய் மலைக்கு நாம் வரவில்லை. வாழும் கடவுளின் நகருக்கு வந்திருக்கிறோம். விழாக் கொண்டாடும் எண்ணற்ற வானதூதர்களின் நடுவே வந்திருக்கிறோம். நம் இறந்தோரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள். அந்தப் பாட்டியின் மகனும் இருக்கிறான். இதை நம்புகிறவர்கள்தான் நாம். அப்படியானால், வானதூதர்கள் கூடிய சபைக்குள் நுழைந்து, என் நாற்காலி எங்கே என்று கேட்பது எவ்வளவு சிறுபிள்ளைத்தனம்!

நம் ஊரில் வாழும் இந்துச் சகோதரர்கள் ஆனி மாதத்தில் மாங்கனித் திருவிழா எடுத்துக் கொண்டாடும் காரைக்கால் அம்மையாரை நமக்கெல்லாம் தெரியும். நம் ஊரின் பெயரையே தம் பெயராகக் கொண்டவர். கயிலை மலையில் கால் பதிக்கக் கூசித் தலையால் நடந்தார் என்று பெரியபுராணம் சொல்கிறது. நம் விசுவாசம் வேறு, அவர்கள் விசுவாசம் வேறு. ஆனாலும் இறைவன் முன் போகிறவர் தம் பெருமையை எங்கே விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதை அந்த அம்மையின் ஊரில் வாழும் நாம் பிறர் சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

அன்பானவர்களே, சிந்தித்ததோடு நிறுத்திக்கொள்ளாமல் எதையாவது செய்ய வேண்டும். எங்கள் பங்குத் திருவிழா அக்டோபர் மாதத்தில் வருகிறது. பங்குப்பேரவையில் கூடிப் பேசி மூன்று முடிவுகள் எடுத்திருக்கிறோம். முதலாவது, திருப்பலி தொடங்கியது முதல் இறுதி ஆசி வரை பொன்னாடை இல்லை, நன்கொடையாளர் பட்டியல் இல்லை. நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு வெளியே பந்தலில், சாப்பாட்டுக்கு முன், மனமார நன்றி சொல்வோம். பூசைக்குள் படிக்கப்படும் பெயர்கள் மன்றாட்டுக்குரிய பெயர்களாக மட்டும் இருக்கும். இரண்டாவது, முன்வரிசை இனிமேல் முதியவர்களுக்கும், நடக்க முடியாதவர்களுக்கும், காது மந்தமானவர்களுக்கும் உரியது. ஏழைகளையும் உடல் ஊனமுற்றோரையும் விருந்துக்கு அழையுங்கள் என்று ஆண்டவர் இன்று சொன்னதை அவருடைய வீட்டிலேயே செய்யத் தொடங்குகிறோம். மூன்றாவது, கொடிக்கயிறு பிடிப்பதும் தேர் தூக்குவதும் எல்லா அன்பியங்களின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கிப் போட்டு முடிவு செய்யப்படும். எந்தத் தெருவும் விடுபடாது.

மூன்றாவது முடிவு எளிதாக இல்லை. எங்கள் பங்கில் ஒரு பெரியவர் என்னிடம் வந்தார். பெயர் சொல்லாமல் இதைப் பேசலாமா என்று அவரிடமே கேட்டேன், சொல்லுங்க சாமி என்றார். ஆகவே சொல்கிறேன். “மூணு தலைமுறையா எங்க வீட்டு ஆளுதான் சாமி கொடிக்கயிறை முதல்ல புடிக்கிறது. எங்க தாத்தா கோயில் கட்டக் கல்லு சுமந்தவரு” என்றார். கண் கலங்கியிருந்தது. நான் அதை லேசாக எண்ணவில்லை. அந்தக் கயிற்றை அவர் பிடிக்கும்போது தாத்தாவின் கையைப் பிடிக்கிறார். அதில் பெருமையும் இருக்கிறது, விசுவாசமும் இருக்கிறது, இரண்டும் பின்னிக் கிடக்கின்றன. எதை அறுப்பது, எதை விடுவது என்று எனக்கும் வலித்தது. நான் அவரிடம் ஒன்றுதான் கேட்டேன். உங்கள் தாத்தா கல் சுமந்தது எதற்காக? அவர் ஒன்றும் பதில் சொல்லாமல் போய்விட்டார். இரண்டு ஞாயிறு அவர் முகத்தை நான் கோயிலில் தேடினேன். மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து வந்து சொன்னார். “சரி சாமி, குலுக்குங்க. ஆனா எங்க தெரு பேரும் சீட்டுல இருக்கட்டும்.”

இருக்கும் பெரியவரே, நிச்சயமாக இருக்கும். சீட்டு இன்னும் குலுக்கவில்லை. யார் பெயர் வரும் என்று எனக்குத் தெரியாது. வராமல் போனால் அவருக்கு அன்று வலிக்கும். அந்த வலியோடு அவர் கூட்டத்தில் ஒருவராக நின்று, வேறொரு தெருக்காரர் ஏற்றும் கொடியைப் பார்த்து மாதாவே என்று கூப்பிட்டால், அதைவிடப் பெரிய காணிக்கை அந்தத் திருவிழாவில் வேறு இராது.

உங்கள் பங்குகளிலும் இப்படிப்பட்ட கயிறுகள் இருக்கும். வரும் வாரத்தில் ஒரு சிறிய பயிற்சி செய்யுங்கள். அடுத்த ஞாயிறு கோயிலுக்குள் நுழையும்போது, வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டு, இதுவரை நீங்கள் பேசியிராத ஒருவருக்கு அருகே போய் அமருங்கள். கைபேசியை அணைத்து வையுங்கள். குருவானவர் பீடத்துக்கு வரும் முன் உங்களுக்குள் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். பூசை யாருக்கு?

செபிப்போம்.

அன்புத் தந்தையே, உம் விருந்துக்கு எங்களை அழைத்தவர் நீர். நாங்களோ அந்த விருந்தில் எங்களுக்கு இடம் தேடினோம். எங்களை மன்னித்தருளும். எங்கள் கோயில்களில் நாங்கள் எழுப்பிய சுவர்களை, கண்ணுக்குத் தெரிவதையும் தெரியாததையும், உம் கையாலேயே இடித்துப்போடும். சாலையில் நடந்து வரும் உம் மக்களின் கால்களுக்கு வலிமை தாரும். பெயர் சொல்ல ஆளில்லாத இறந்தோரை உம் ஒளியில் சேர்த்துக்கொள்ளும். எங்கள் பாட்டும் எங்கள் உழைப்பும் எங்கள் திருவிழாவும் உமக்கே உரியனவாய் இருக்கச் செய்தருளும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக உம்மை மன்றாடுகிறோம். ஆமென்.